குளிராத ஃபிரிட்ஜ்

"டார்ச்சைப் பர்னர்ல காட்டுன்னா பர்னர்ல காட்டணும். என் மூஞ்சியில அடிச்சா எனக்கு என்ன தெரியும்?"

ஹார்லன் போட்ட சத்தம் அந்தப் பொட்டல்வெளியில் நின்ற அத்தனை வேன்களுக்கும் கேட்டிருக்கும். அவர் மனைவி டோரீன் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தாள்.

உதவிக்கு வந்த பக்கத்து வேன்காரர் வெண்டலுக்கு, ஏன் வந்தோம் என்றிருந்தது. குளிர்காலத்தைக் கழிக்க, வீடாக மாற்றிய வேனில் இந்தத் தம்பதி அரிசோனா பாலைவனத்துக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. வெண்டல் மூன்று தடவை வலியப் போய் குட்மார்னிங் சொல்லியும், நாற்காலியில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஹார்லன் தலையைக்கூடத் திருப்பவில்லை. திமிர் பிடித்த மனுஷன் என்று வெண்டல் அன்றே முடிவு கட்டிவிட்டார்.

இன்று, கேஸ் நெருப்பில் ஓடும் ஃபிரிட்ஜ் நின்றுபோனதும் அந்த மனுஷனுக்குக் குரல் வந்துவிட்டது.

"மத்தியானம் திறந்தா உள்ள வெந்நீர் வைக்கலாம் போல இருக்கு. இவளோட இன்சுலின் வேற உள்ள இருக்கு."

"அது வெண்டல்கிட்ட பத்திரமா இருக்குங்க," என்றாள் டோரீன்.

உண்மைதான். காலைக் காப்பி நேரத்திலேயே ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து, வெண்டலின் ஃபிரிட்ஜில் ஓர் இடம் கேட்டு வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வெண்டலுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். அடுப்பைப் பற்றவைத்தார்கள், நன்றாகவே எரிந்தது. அப்படியானால் சிலிண்டரில் கேஸ் இருக்கிறது. சாய்ந்து நின்றால் இந்த வகை ஃபிரிட்ஜ் ஓடாது என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், வேன் சாய்ந்து நிற்கவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வேனின் வெளிப்பக்கத் தகட்டைக் கழற்றி, பர்னரில் இருந்த சிலந்திக்கூட்டை ஊதி எடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்று பொறி பறந்தது. தீ மட்டும் பிடிக்கவில்லை.

"நாப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினீங்களாமே. ஒரு தீக்குச்சி அளவு நெருப்பு வரவைக்க முடியலையா?" என்றார் ஹார்லன்.

"பஸ்ல ஃபிரிட்ஜ் கிடையாதுங்க," என்றார் வெண்டல், பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "வண்டியோட உள்வேலையெல்லாம் யார் பண்ணினது?"

"எங்க பையன்தான்," என்றாள் டோரீன்.

"அப்ப எதுக்கு வீணா மல்லுக்கட்டணும்? அவனுக்கு ஒரு போன் போட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருவானே."

ஹார்லனின் கையில் இருந்த ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது. டோரீன் அவசரமாகக் குறுக்கிட்டாள். "இங்க சிக்னல் கிடைக்காதுங்க."

காலையில் இதே இடத்தில் நின்றுதான் வெண்டல் தன் மகளோடு அரை மணி நேரம் பேசியிருந்தார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெயில் மலைப்பக்கம் இறங்க ஆரம்பித்தது. ஹார்லன் நான்காவது முறையாகப் பர்னரைக் கழற்றினார். "கரித்துணி ஒண்ணு கொண்டு வர இவ்வளவு நேரமா?" என்று மனைவிமேல் பாய்ந்தார்.

பார்க்கச் சகிக்காமல், "நான் எடுத்துட்டு வர்றேன்," என்று வெண்டல் வேனுக்குள் ஏறினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் துணி தேடி ஒரு பெரிய வாணலியை நகர்த்தினார். பின்னால் கேஸ் குழாய்களை மூடித் திறக்கும் மூன்று சின்னப் பித்தளைத் திருகுகள் இருந்தன. அடுப்புக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று என்று யாரோ அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது மட்டும் மூடியிருந்தது.

அடச்சே, இவ்வளவுதானா என்று அவர் கையை நீட்டினார். பின்னாலேயே ஏறி வந்திருந்த டோரீன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதீங்க. நான்தான் மூடினேன்."

"எதுக்கும்மா? அந்த மனுஷன் உங்களை அந்தப் பாடு படுத்துறாரே."

"டோரீன், எங்க போய்த் தொலைஞ்சே?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டட்டும். பையனைப் புதைச்சுட்டு வந்த நாள்லேருந்து, இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்கார்."