நாலடி தூரம்

மூணு மாசமா என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கல.

கொரியாவுல எங்க குன்சான் மீன் மார்க்கெட்ல முப்பத்தொரு வருஷம் ஏலம் கூவின மனுஷன் அவர். ரிட்டயர் ஆன பிறகும், வீட்டுல அவர் உப்பு கேட்டா மூணாவது வீட்டுல இருந்து உப்பு வரும். அப்பேர்ப்பட்டவர் சாப்பாட்டு மேஜையில கம்முனு உட்கார்ந்திருந்தா கேக்காம இருக்க முடியுமா?

"உடம்புக்கு என்னங்க?"

"பிராக்டிஸ்," என்றார். "ஃபின்லாந்துக்கு."

எங்க பையன் தேயூல் அந்த ஊர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கயே இருக்கான். மருமக ஐலா மாசமா இருந்தா. குழந்தை பிறந்ததும் போறதுக்கு டிக்கெட் போட்டாச்சு.

அதுக்குத் தயாராகிறேன்னு தினமும் மத்தியானம் டிவி முன்னாடி உட்கார்ந்துடுவார். எல்லாம் அந்த ஊர்ப் படம். நான் முள்ளங்கி நறுக்கணும், துணி மடிக்கணும். துரை படம் பார்ப்பார்.

ஒரு நாள் நானும் உட்கார்ந்தேன். ஒருத்தன் பஸ் ஸ்டாப்ல நிக்கிறான். இன்னொருத்தன் வந்து நாலடி தள்ளி நிக்கிறான். பனி கொட்டுது. பஸ் வருது, ஏறிப் போயிடுறாங்க. அதுக்குள்ள பாதிப் படம் முடிஞ்சிருந்தது.

"இதுல என்னத்தைங்க கத்துக்கிறீங்க?"

நோட்டைக் காட்டினார். நாலடி தள்ளி நிக்கணும். கேட்டா மட்டும் பேசணும். கேட்டாலும் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பேசணும். வெந்நீராவி அறையில எல்லாரும் துணியில்லாம உட்கார்றாங்க.

"நம்ம ஊர்ப் பொதுக் குளியலறையிலயும் இப்படித்தானே? இது ஒண்ணுலதான் நம்மாளுங்க மாதிரி இருக்காங்க," என்றார் நிம்மதியா.

மறுநாள் பஸ் ஸ்டாப்ல என்னை விட்டு நாலடி தள்ளி நின்னார். எதிர்க் கடை மிசூக் ஓடி வந்து, "என்ன அக்கா, உங்களுக்குள்ள சண்டையா?"ன்னு கேட்டா.

சிரிப்புத்தான் வந்தது. ஆனா காரணம் எனக்குத் தெரியும்.

ரெண்டு வருஷம் முன்னாடி கல்யாணம் எங்க ஊர்லதான் நடந்தது. ஐலாவோட அப்பா யோர்மா வந்திருந்தார். விருந்துல இவர் பாட்டிலைத் திறந்துக்கிட்டே, "நான் ஐம்பத்தெட்டுல பிறந்தவன், நாய் வருஷம். சம்பந்தி, உங்களுக்கு என்ன வயசு?"ன்னார்.

இதுல என்ன தப்பு? எங்க ஊர்ல பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகப் பேர் இருக்கும், அதுலயே வயசு தெரிஞ்சுடும். வயசு தெரியாம ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறது? மூத்தவர்னா அண்ணன், இளையவர்னா தம்பி, ஒரே வருஷம்னா வாடா போடா. யார் யாருக்கு முதல்ல ஊத்தணும்கிறதே அதை வெச்சுத்தானே?

யோர்மா பதில் சொல்லல. இவர் மறுபடி கேட்டார். மூணாவது தடவை கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. தேயூல் யோர்மா காதுல என்னமோ சொன்னான். அந்த மனுஷன் எழுந்து வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டார்.

"மாமனார் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்கப்பா," என்றான் தேயூல். அதுக்கப்புறம் போன் வந்தா என்கிட்ட மட்டும்தான் பேசுவான்.

எனக்கு ஆத்திரமெல்லாம் சம்பந்தி மேலதான். வயசைச் சொன்னா குறைஞ்சா போயிடுவார்? திமிர் பிடிச்ச மரம்னு ரெண்டு வருஷமா திட்டித் தீர்த்தேன்.

பேத்தி பிறந்த சேதி சொல்லக் கூப்பிட்டப்பவும் தேயூல் அந்த வயசு விஷயத்தை விடல. "அம்மா, அப்பா தாராளமா வரட்டும். ஆனா யார்கிட்டயும் வயசு கேக்கக் கூடாது. கேட்டா அடுத்த ஃபிளைட்ல திருப்பி ஏத்தி விட்டுடுவேன்."

பக்கத்துல இருந்த இவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்னைக்கு ரெண்டு படம் பார்த்தார்.

ஹெல்சிங்கி ஏர்போர்ட். பிள்ளை பெத்தவளுக்கு சூப் வைக்கக் காய்ஞ்ச கடற்பாசி கொண்டு வந்திருந்தேன். அதை மடிச்சா பெத்தவளுக்கு ஆகாதுன்னு எங்க ஊர் நம்பிக்கை, அதனால ஒரு மீட்டர் நீளத்துக்கு அப்படியே ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்தேன்.

எதிர்ல தேயூல், குழந்தையோட ஐலா, பக்கத்துல யோர்மா.

இவர் அளந்த மாதிரி நாலடி தள்ளி நின்னார். தேயூல் அப்பா வாயையே பார்த்துக்கிட்டிருந்தான். இந்தத் தடவையும் கெட்டுப் போச்சுன்னா இனி பையன் நமக்கில்லை.

யோர்மா அந்த நாலடியையும் நடந்து வந்தார். இவர் முன்னாடி நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சார். அப்படியே எங்க ஊர் வணக்கம்.

ஐலா எங்க பாஷையில தட்டுத் தடுமாறிச் சொன்னா. "அத்தை, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அப்பா உங்க ஊர்ப் படமாத்தான் பார்க்கிறார். அன்னைக்கு மாமா மூணு தடவை சொன்ன வார்த்தை எல்லாப் படத்துலயும் வந்துச்சாம். இது வயசு கேக்கிறதா, எனக்கு ஏன் யாருமே சொல்லலைன்னு கேட்டார்."

"அப்ப, தேயூல் அவர் காதுல சொன்னது?" என்றேன்.

"'அப்பாவுக்குப் போதை ஏறிடுச்சு, நீங்க வெளியே போயிடுங்க'ன்னாராம்."

தேயூல் தரையைப் பார்த்தான்.

யோர்மா ஒவ்வொரு வார்த்தையா, மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சார். "அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான் பதில் சொல்லல. மன்னிக்கணும். நான் ஐம்பத்தெட்டுல பிறந்தவன். நாய் வருஷம்."

இவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மூணு மாசமா அடக்கி வெச்ச ஏலக் குரல் அப்பத்தான் வெளியே வந்தது. ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்தது.

"டேய் தேயூல், நான் கேக்கலடா! அவனாத்தான் சொன்னான். என் செட்டுடா இவன்!"