சூறைமங்கையின் அத்தான்

குன்னம் டூரிங் கொட்டகைத் திரையில் சூறைமங்கை தூணோடு கட்டப்பட்டு நிற்கிறாள். மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் அம்சவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காமிக்ஸில் ஒற்றைக் கையால் ரயிலையே நிறுத்தியவள் இவள். வாசல் போஸ்டரில் தெரிந்த அவள் தொடையை மறைக்கத் தார் பூசி வைத்திருக்கிறார்கள். சினிமாவிலோ புடவையைச் சுற்றிவிட்டுப் பலத்தை உருவிக்கொண்டார்கள். “அத்தான், காப்பாத்துங்க!” என்று அலறுகிறாள். புரொஜெக்டர் ஒளியில் பீடிப்புகை நெளிகிறது. ஆண்கள் பக்கம் விசில் பறக்கிறது; அதில் ஒன்று அம்சவள்ளியின் புருஷன் கருப்பண்ணனுடையது. பக்கத்து வீட்டு இருசம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்துகிறாள். “பாவம்டி.”

“என்னத்த பாவம்? ஒரு கயித்த அறுக்கத் துப்பில்ல.” அம்சவள்ளி எழுந்து மணல்மேட்டைக் காலால் எத்திக் கலைக்கிறாள்.

“இருட்டுல தனியா எப்புடிடி போவ? ஒன் வூட்டுக்காரரு வரட்டும்.”

“அத்தான் வர்றவரைக்கும் நானும் கத்திக்கிட்டுக் கெடக்கவா?”