நீலக் காரின் பசி

ஆனி மாதத் தொடக்கத்தில் நீல நிற மின்சாரக் கார் ஒன்று புதிதாக வீடு வந்து சேர்ந்தது. அதன் வயிற்றில் பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தது.

வீட்டுக்காரர் மாசிலாமணி, இருப்பதிலேயே சிறந்த சார்ஜரைத்தான் மாட்டுவேன் என்று தினமும் அதே காரில் ஏறிக் கடை கடையாக அலைந்தார். ஒன்று மெதுவாம். ஒன்று ரொம்ப வேகமாம். இன்னொன்றின் நிறம் சுவரோடு சேரவில்லையாம்.

“அண்ணே, இன்னும் மூணு சதவீதம்தான் இருக்கு,” என்றது கார், ஷெட் சுவரிலிருந்த பழைய பிளக் பாயின்டிடம்.

“டிக்கியில கிடக்கிற வயரை என்கிட்ட செருகினாப் போதும்டா தம்பி. மெதுவா ஊட்டிவிடுவேன்.”

“உங்ககிட்டயா? கிரைண்டர் ஓட்டுற பாயின்டு காருக்குக் கேவலம்னு சொல்லிட்டாரே!”

மறுநாள் சார்ஜர் ஒன்று பெட்டியோடு வந்து இறங்கியது. காருக்கு உயிரே திரும்பியது போலிருந்தது.

மாசிலாமணி காலண்டரைப் பார்த்தார். “அடடா, இன்னிக்கு ஆடி பிறந்துடுச்சே! ஆவணியில நல்ல நாள் பார்த்து மாட்டிக்கலாம்.” பெட்டியைப் பரணில் வைத்துவிட்டு, காருக்கு உறை போர்த்தினார்.

“அண்ணே,” என்றது கார் உறைக்குள்ளிருந்து, “ஆடி முடிய எத்தனை நாள்?”

பிளக் பாயின்டுக்குத் தெரியும். “நீ தூங்குடா தம்பி,” என்றது.