தோமையாரின் விரல்

ஈஸ்டருக்கு ஊரில் போடும் பாஸ்கு நாடகத்தில் இருபது வருடமாக என் மாமாதான் சந்தேகப்படும் சீடர் தோமையார். உயிர்த்து வந்த ஆண்டவரின் விலாக் காயத்தில் விரலை வைத்த பிறகுதான் நம்புவார். ‘காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்’ என்பார் ஆண்டவர். அவர் மகன் இஞ்ஞாசி கடலில் காணாமல்போன பதினோராம் நாள், பிணவறையில் கரையொதுங்கிய ஓர் உடலின் முன் அதே விரலை நீட்டியபடி நின்றார்.

“முகத்த மீனு தின்னுட்டு, உடம்பும் ஊதிட்டு. விலாவுல ஆபரேசன் தழும்பு இருக்கான்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி,” என்றார் ஊழியர்.

விரல் துணிக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. அவர் முழங்கையைப் பிடித்திருந்த எனக்கு, முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்று தெரியவில்லை.

“வருசா வருசம் தொடுததுதான, மாமா?” என்றேன்.

மாமா விரலை மடக்கிக்கொண்டார்.

“தொடமாட்டேம்ல. காணாமலே நம்புதேன். எம்மவன் வருவான்.”

ஊழியர் துணியை விலக்கிவிட்டு என் கையைப் பார்த்தார்.