சிங்கத்துக்குத் திருநீறு

ஊட்டியில் ஏலம் எடுத்த, குழாய் வைத்த வெள்ளித் தேநீர்ப் பாத்திரத்தைத் தாண்டவமூர்த்தி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். அதன் வயிற்றில் செதுக்கியிருந்த சிங்கம் எந்த வெள்ளைக்காரத் துரையின் குலச்சின்னமோ, இந்த வீட்டுக்குள் வந்ததும் இவர் வம்சத்துச் சின்னமாகிவிட்டது. "எங்க பாட்டையா காலத்துச் சின்னம்லா," என்று அவர் கூசாமல் தொடங்கும்போது மனைவி மரகதவல்லி வாயே திறக்கமாட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் திருநீற்றைத் தொட்டுப் பாத்திரத்தைத் துலக்குவாள். மற்ற இடங்களில் துணி பட்டும் படாமலும் போகும். சிங்கத்தின் மேல் மட்டும் கட்டைவிரல் அழுந்தும். வருஷங்கள் ஓட, முதலில் பல் போயிற்று, பிறகு நகம், பிடரி.

இன்று பெண் கேட்டு வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"சிங்கம்னியளே, ஆட்டுக்குட்டி மாதிரில்லா இருக்கு?"

தாண்டவமூர்த்தி மனைவியைப் பார்த்தார். அவள் விரலில் திருநீறு ஒட்டியிருந்தது.

"இன்னும் நாலு வெள்ளிக்கிழம போவட்டும், அண்ணாச்சி," என்றாள். "அதுவும் இருக்காது."