புதுச் சேர்க்கை

எங்கள் பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளை ஒரு தினுசு. புதிதாகச் சேருகிறவர்களுக்குத்தான் தருமாம். ஏற்கெனவே இருப்பவர்களின் சோற்றுக்குத் தராதாம். அதனால் வார்டன் எஸ்தர் வருஷாவருஷம் எல்லாரையும் தெருவுக்கு அழைத்து வந்து, ஆளுக்கொரு புதுப்பெயர் வைத்து மறுபடி சேர்த்துக்கொள்வாள். மாடியிலிருந்து பார்க்க எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

நேற்று அது முடிந்த கையோடு, சிங்காரவேலரை வீட்டுக்கே கூட்டிப்போக அவர் மகள் பூங்கோதை வந்து நின்றாள்.

“அப்பா, கிளம்புங்க. இனிமே நம்ம வீட்லதான்.”

வாசலில் உட்கார்ந்திருந்த சிங்காரவேலர் மரியாதையாக எழுந்தார். “நான் இப்பத்தாம்மா சேர்ந்தேன். உள்ள வரும்போது எதிர்ல ஒருத்தர் அழுதுகிட்டே போனாரு. அவரா பாருங்க.”

பூங்கோதை தெருவுக்கு ஓடினாள். நான் விடுவேனா, எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த முதுகும் சிங்காரவேலருடையதுதான்.