மதியம் நின்றுபோகும் ஓடை

“மத்தியானம் ஆனா போதும், ஓடைய நிறுத்திட்டு, லைட்ட அணைச்சிட்டுப் படுத்துடறாங்க. இதுக்குச் சம்பளம் வேறயா?”

துயெத் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்த மொத்த ஆபீஸுக்கும் கேட்கும்படி சொன்னாள். யாரைச் சொன்னாளோ அந்த லோவான், பொரித்த முட்டையை நடுவில் பிளந்துகொண்டிருந்தாள்.

“நிறுத்தறேன், நெஜந்தான்” என்றாள், மஞ்சள் கருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சண்டைக்கு வந்தவளுக்கு இதைவிட எரிச்சலான பதில் உண்டா?

சைகானில் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி அது. பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல், அவர்களுடைய போனிலிருந்து நொடிக்கு நொடி வந்து கொட்டும். ஆபீஸில் அதை ஓடை என்பார்கள். ஓடைகள் பல. ஒன்று வாடிக்கையாளருக்கு வழி காட்டும். ஒன்று ஆர்டரைப் பங்கு போடும். இன்னொன்று, எவன் சும்மா நிற்கிறான் என்று பார்த்து அவன் தலையில் சிவப்புப் புள்ளி வைக்கும். சிவப்பு விழுந்தவனுக்கு அன்று மாலை ஆர்டர் கிடையாது.

இத்தனையையும் ஆட்டி வைப்பது லோவானின் கணினியில் இருந்த ஒரு கறுப்புத் திரை. பட்டன் கிடையாது, படம் கிடையாது. ஒரு வரி தட்டினால் ஓடை ஓடும், இன்னொரு வரி தட்டினால் நிற்கும்.

துயெத் மேலாளராக வந்து நாற்காலிகூட இன்னும் சூடாகவில்லை. அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள், சும்மா நிற்பவனைப் பிடிக்கும் ஓடை மட்டும் தினம் மதியம் செத்துக் கிடக்கிறது என்று. காரணமும் அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு சிவப்புக்கும் அந்தக் கணினி ‘டிங்’ என்று கத்தும். தூக்கம் கெட்டுவிடுமே!

சாப்பிட்ட கையோடு ஆபீஸே விளக்கை அணைத்து, மேஜைக்கடியில் பாய் விரித்துப் படுப்பது ஊர் வழக்கம். அதை அவள் குறை சொல்லவில்லை. அவளும் அந்த நேரத்தில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோபாவில் கண்ணை மூடுவாள்தான். ஆனால் அது யோசனை. காவல் காக்க வேண்டியவள் தூங்குவதும் அதுவும் ஒன்றா?

“இன்னிக்கு அந்த நாற்காலியில நான் உட்காரறேன். நீங்க கைய வைக்கக் கூடாதுக்கா.”

“ஏன் நிறுத்தறேன்னு கேக்கவே இல்லியே, பாஸ்.”

“கேக்க என்ன இருக்கு? எல்லாம் பார்த்தாலே தெரியுது.”

“சரி, உட்கார்ந்து பாருங்க” என்று லோவான் கையைக் கழுவிவிட்டு வந்து, சுவரோரம் படுத்தாள். படுத்ததுதான் தெரியும், குறட்டை கேட்டது.

விளக்கணைந்தது. துயெத் கறுப்புத் திரைக்கும் பக்கத்தில் இருந்த ஊர் வரைபடத்துக்கும் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டிங். ஒருவன் சிக்கினான். துயெத்துக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

டிங், டிங். பாலத்தடியில் நாலு பேர். ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு வரிசை. கால்வாய்க் கரை நெடுக, மணிமாலை கோத்த மாதிரி. ஊருக்கே அம்மை போட்டதுபோல் வரைபடம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் ஆபீஸ் வாசல் தெருவிலேயே ஒரு கொத்து.

இதென்ன அக்கிரமம் என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

புளியமரத்து நிழலில் வரிசையாக பைக்குகள். சீட்டில் முதுகு, ஹேண்டில்பாரில் கால், முகத்தில் ஹெல்மெட். விடியுமுன்னே கிளம்பிய பையன்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் இதே தெருவில் இவர்களைத் தாண்டித்தான் வருகிறாள், போகிறாள்.

புள்ளி கொஞ்ச நேரம் மினுக்கும். அதற்குள் ஆள் அசையாவிட்டால் அப்படியே நிலைத்துவிடும். நிலைத்தால் இத்தனை பேருக்கும் மாலைப் பிழைப்பில் மண். ஆர்டரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் அப்புறம் ஆள் இருக்காது. எதனால் என்று முதலாளி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

‘நிறுத்து’ என்று தட்டினாள். அப்படி ஒரு கட்டளை தனக்குத் தெரியாது என்றது திரை. ‘தயவுசெய்து’ சேர்த்துத் தட்டினாள். அதுவும் தெரியாதாம். உதவி கேட்டதும் சரசரவென்று கட்டளைகளைக் கொட்டியது. ஒன்று ஓடையை நிறுத்தும், ஒன்று ஓடையை அழிக்கும், ஒன்று இருக்கிற ஓடைகள் அத்தனையையும் அழிக்கும். மூன்றும் அக்கா தங்கைகள்போல ஒரே ஜாடை. விரல் தவறினால் சைகானில் ஒரு கோப்பைத் தேநீர்கூட நகராது. கையைச் சுட்டுக்கொண்டவள்போல எடுத்துக்கொண்டாள்.

டிங், டிங், டிங்.

இருட்டில் தட்டுத் தடுமாறிப் போய் லோவானின் தோளைத் தொடக் குனிந்தாள். பக்கத்துப் பாயில் கிடந்த கணக்குப் பிரிவு ஹ்வே ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“எழுப்பாதீங்க, பாஸ். இங்க வந்ததிலேர்ந்து அவங்க மத்தியானம் படுக்கறது இன்னிக்குத்தான். பசங்க தூங்கட்டும்னு ஓடைய நிறுத்திடுவாங்க. திரும்ப ஓட விட ஒருத்தர் முழிச்சிருக்கணுமில்ல? இருட்டுல ஒத்தையா உட்கார்ந்திருப்பாங்க.”

சொல்லிவிட்டு அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது.

துயெத் நாற்காலிக்குத் திரும்பினாள். மேஜைக்கடியில் கிடந்த அத்தனை பாய்களையும் ஒருமுறை பார்த்தாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

“யாராவது... நிறுத்தற அந்த ஒரு வரிய மட்டும் சொல்லுங்களேன். நாளையிலேர்ந்து நானே முழிச்சிருக்கேன்.”